கல்லை விற்றுக் காலத்தைத் தொலைப்பதா?

ஓர் இனத்தின் வரலாறு ஏட்டில் தொடங்குவதன்று, மண்ணில் தொடங்குவது. ஏடு எழுதப்படுமுன் கல்வெட்டு இருந்தது. கல்வெட்டு வெட்டப்படுமுன் பானைக்கீறல் இருந்தது. பானை வனையப்படுவதற்கும் நெடுங்காலம் முன்பே, கையில் பற்றிய கல்லும் அக்கல்லால் கீறப்பட்ட விலங்கின் என்புமே மாந்தன் விட்டுச்சென்ற கையெழுத்தாக இருந்தன. அக்கையெழுத்தைப் படிக்கக் கற்ற நாடுகள் தம் நிலத்தின் முதற்பக்கத்தைத் தேடியெடுத்துக் கண்ணெனக் காக்கின்றன. படிக்கக் கல்லாத நாடோ, அப்பக்கத்தைக் கிழித்துச் சந்தையில் எடைபோட்டு விற்கின்றது. அத்தகைய நாடு எங்குள்ளது என்று எவரேனும் கேட்பின், மதுரையைச் சூழ்ந்து நிற்கும் குன்றுகள் விடை கூறும்.

மதுரையினின்று எத்திசையில் நடந்தாலும் ஒரு குன்று எதிர்ப்படும். வடகிழக்கில் யானைமலை, தென்மேற்கில் திருப்பரங்குன்றம், மேற்கில் நாகமலை, வடக்கில் அழகர்மலை, மேலூர்ப் பக்கம் மாங்குளம், அரிட்டாபட்டி, கீழவளவு, கருங்காலக்குடிக் குன்றுகள். இவற்றுள் முழையில்லாத குன்றைக் காண்பது அரிது. முழை, முழைஞ்சு, அளை, விடர், புடவு என மலைப்பிளவின் வெவ்வேறு வடிவங்களுக்கு வெவ்வேறு சொல் படைத்த மொழி தமிழ். மலையோடு வாழ்ந்து பழகாத மக்கள் ஒரு மலைவெடிப்புக்கு இத்தனை பெயர் இட்டிருக்க மாட்டார்கள். சொல் இருக்கின்றது, மலையும் இன்றுவரை இருக்கின்றது. அம்முழைகளின் அடியிலும் சரிவிலும் புதைந்து கிடப்பது யாது என்று கேட்கும் கேள்விதான் இந்நாட்டில் இன்னும் வலுப்பெறவில்லை.

என்பு பேசிய இடங்கள்

குகைத்தரையைப் படிப்பது எப்படி என்பதை அறிய நெடுந்தொலைவு செல்ல வேண்டுவதில்லை. தமிழ்நிலத்தின் வடக்கே, இன்றைய ஆந்திர நாட்டுக் கருநூல் பக்கம், பில்லசுர்கம் என்னும் சுண்ணக்கல் குகைத்தொகுதி உள்ளது. அதனைப் பற்றி நியூபோல்டு என்னும் ஆங்கிலேயர் 1844-இலேயே எழுதினார். பின்னர் 1884, 1885 ஆம் ஆண்டுகளில் நிலவியலறிஞர் இராபர்ட்டு புரூசு ஃபூட்டும் அவர் மகன் என்றி புரூசு ஃபூட்டும் அங்கே அகழ்ந்தனர். தரையின் மண்ணை அடுக்கடுக்காக நீக்க நீக்க, விலங்குகளின் என்புகளும் பற்களும் குவியல் குவியலாக வெளிப்பட்டன. காண்டாமாவின் எச்சமும் அவற்றுள் இருந்தது. கருநூல் நிலத்தில் இன்று காண்டாமா ஏது? என்பு கிடைத்திராவிடின் அந்நிலத்தில் அது திரிந்ததென்று எவர் நம்பியிருப்பார்?

இவ்விருபத்தோராம் நூற்றாண்டில் அதே குகைகளை மீண்டும் ஆராய்ந்தவர்கள், அங்கு இனங்காணப்பட்ட விலங்கினங்களுள் மிகப் பெரும்பாலானவை பனியூழியின் தட்பவெப்ப மாற்றங்களையெல்லாம் கடந்து இந்நிலப்பரப்பில் நிலைத்து வந்தன என்று 2014-இல் காட்டினர். ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் பெருவிலங்குகள் கூட்டங்கூட்டமாக அற்றுப்போன காலத்தில், தென்னிலத்து விலங்குகள் பிழைத்திருந்தன. இத்துணைப் பெரிய உண்மையைச் சொன்னது பொன்னோ மணியோ அன்று. குகை மண்ணில் கிடந்த என்புத் துண்டுகள்.

தெற்கே ஈழத்தில் இதனினும் வியப்பான சான்று உண்டு. அங்குப் பாகியன் குகையிலும் பட்டதொம்பக் குகையிலும் கல்லும் என்பும் ஒருங்கே கிடைத்துள்ளன. ஏறத்தாழ 45,000 ஆண்டுகளுக்கு முன்பே அங்கு வாழ்ந்தோர் அடர்ந்த மழைக்காட்டில் குரங்கையும் அணிலையும் தேர்ந்து வேட்டையாடி உண்டனர் என்பது 2019-இல் வெளிவந்த ஆய்வு. அக்குரங்குகளின் என்பையே கூராக்கி அம்புமுனை செய்தனர் என்பதும், அவற்றின் பழைமை 48,000 ஆண்டுவரை எட்டும் என்பதும் 2020-இல் வெளிவந்தன. ஆப்பிரிக்காவுக்கு வெளியே வில்லம்பு ஆண்டமைக்கு அறியப்பட்ட மிகப் பழைய சான்றுகளுள் அஃது ஒன்றாக எண்ணப்படுகின்றது.

இங்குத்தான் தமிழர் ஒரு கேள்வி எழுப்புதல் வேண்டும். கடல்மட்டம் தாழ்ந்திருந்த பனியூழிக் காலங்களில் ஈழமும் தமிழ்நாடும் இடையறாத ஒரே நிலமாகக் கிடந்தன. ஈழத்துக் குகையை அடைந்த அம்மாந்தன் வானில் பறந்து செல்லவில்லை, நடந்தே சென்றான். தென்பாண்டி நிலத்தின் வழியே அவன் நடந்திருக்க வேண்டும். மதுரைக் காமராசர் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் இராமசாமி பிச்சப்பனும் பிறநாட்டு அறிஞர்களும் செய்த மரபணு ஆய்வும் இதனையே சுட்டுகின்றது. ஆப்பிரிக்காவினின்று கடலோரமாக வந்த மிகப் பழைய வழிமுறையின் அடையாளம் மதுரைப் பக்கத்து மக்களின் குருதியில் இன்றும் உள்ளது. அதே அடையாளம் ஆசுத்திரேலியத் தொல்குடியினரிடமும் உள்ளது. குருதியில் தடம் இருக்கின்றது. கடலுக்கு அப்பால் குகையில் தடம் இருக்கின்றது. இடைப்பட்ட வைகைச் சமவெளியில் மட்டும் தடம் இல்லாமற் போயிற்றா? இல்லாமற் போகவில்லை. தேடப்படாமற் கிடக்கின்றது. தேடுவதற்குள் வெடிவைத்துத் தகர்க்கப்படுகின்றது.

குனிந்தவன் வெள்ளைக்காரன்

1863 ஆம் ஆண்டு மே 30. சென்னையை அடுத்த பல்லாவரத்தில் சரளைமண் குழியருகே ஃபூட் ஒரு கல்லைக் குனிந்து எடுத்தார். அது கைக்கோடரி. இந்திய நிலப்பரப்பில் பழங்கற்கால மாந்தன் வாழ்ந்தான் என்பதை உலகுக்கு மெய்ப்பித்த முதற்கல் அது. அதே ஆண்டு செபுதம்பரில் ஃபூட்டும் வில்லியம் கிங்கும் கொற்றலையாற்றுப் படுகையில் அத்திரம்பாக்கத்தைக் கண்டனர். அக்கல்லைத் தாண்டித் தாண்டி எத்தனை தலைமுறைத் தமிழர் நடந்திருப்பர்! அதனைக் குனிந்து எடுக்க ஓர் அயலான் வரவேண்டியிருந்தது.

அந்த அத்திரம்பாக்கத்தின் பெருமை இன்று எத்தகையது? 1999 முதல் அங்கு அகழ்ந்த சாந்தி பப்புவும் அவர்தம் குழுவினரும் கண்ட கைக்கோடரிகள் குறைந்தது 10 இலக்கம் ஆண்டுக்கு முற்பட்டவை. சராசரியாக 15 இலக்கம் ஆண்டுப் பழைமையுடையவை என்று 2011-இல் நிறுவப்பட்டது. மண்ணுள் புதையுண்ட கல்லில் விண்கதிர் விட்டுச்சென்ற அடையாளத்தை அளந்து இக்காலம் கணிக்கப்பட்டது. அடுத்து 2018-இல், அங்குக் கிடைத்த 7,200-க்கும் மேற்பட்ட கற்கருவிகளை ஆராய்ந்து, இடைப் பழங்கற்காலத் தொழில்நுட்பம் ஏறத்தாழ 3,85,000 ஆண்டுக்கு முன்பே அங்குத் தோன்றிவிட்டது என்று காட்டினர். ஆப்பிரிக்காவினின்று வந்த கூட்டம் ஒன்று 1,25,000 ஆண்டளவில்தான் அத்தொழில்நுட்பத்தைக் கொணர்ந்தது என்று அதுவரை கருதியிருந்தோர் தம் கருத்தை மீண்டும் எண்ணிப்பார்க்க நேர்ந்தது.

இத்துணைக் கல் கிடைத்த அத்திரம்பாக்கத்தில் கிடைத்த விலங்கின் பற்களோ மூன்றே மூன்று. ஒன்று குதிரையினத்தது; ஒன்று எருமையினத்தது; ஒன்று நீலமானினது. குளம்படி போன்ற பதிவுகள் சிலவும் காணப்பட்டன. இம்மூன்று பற்களைக் கொண்டே அன்றைய நிலம் ஈரமும் புல்வெளியும் உடையதாக இருந்ததென்று அறிஞர் உய்த்துணர்ந்தனர். மூன்று பல் இவ்வளவு பேசுமாயின், முந்நூறு என்பு கிடைத்திருப்பின் எவ்வளவு பேசியிருக்கும்!

ஏன் கிடைக்கவில்லை? விடை மண்ணில் இருக்கின்றது. சுண்ணக்கல் நிலம் என்பைக் காக்கும். புளிப்புத்தன்மையுடைய செம்மண்ணும் செம்புரைக்கல் நிலமும் என்பைக் கரைத்துவிடும். மதுரைக் குன்றுகளோ கருங்கல்லும் வரிப்பாறையுமாக அமைந்தவை. அவற்றின் அடிவார மண் என்புக்குப் பகை. ஆகவே அங்கே மாந்தன் தின்று எறிந்த என்பு கரைந்திருக்கலாம். அவன் செதுக்கி எறிந்த கல் கரையாது. அக்கல்லும், அது கிடக்கும் மண்ணடுக்கின் வரிசையும், ஒதுங்கிய இடத்தில் தப்பிப் பிழைத்த ஓரிரு பல்லும், அடுப்புக்கரித் துகளும்தாம் அந்நிலத்தின் முழுச்சான்று. சான்று மிகுந்த நாடு ஒன்றிரண்டை இழந்தாலும் பொறுக்கும். சான்று அருகிய நாடு ஒன்றையும் இழத்தல் ஆகாது. உள்ள உண்மை இதற்கு நேர்மாறாக அன்றோ இருக்கின்றது!

நெற்றியைப் படித்தார், அடியைப் படித்திலர்

மதுரைக் குன்றுகளை அறிஞர் எவரும் நோக்கவில்லை என்று கூறுவது பொய்யாகும். 1882-இல் இராபர்ட்டு சீவெல் மாங்குளத்துக் கல்வெட்டுகளைக் கண்டறிந்தார். 1924-இல் கே. வி. சுப்பிரமணியர் அவ்வெழுத்துகள் தமிழைச் சொல்கின்றன என்று காட்டினார். ஐராவதம் மகாதேவன் மாங்குளத்தில் நெடுஞ்செழியன் பெயரைப் படித்தறிந்தார். கழகக் காலப் பாண்டியன் கற்பனையல்லன் என்பதைக் கல்லே எழுந்துநின்று கூறிற்று. அவ்வரும்பணியால் தமிழினம் பெற்ற பயன் பெரிது.

ஆயின் எழுத்தைத் தேடிய கண்கள் முழையின் நெற்றியை நோக்கின. அதன் அடியை நோக்கிய கண்கள் மிகச் சில. எழுத்து வெட்டப்பட்டது ஏறத்தாழ 2,200 ஆண்டுக்கு முன்பு. அம்முழையோ பல்லாயிரம் ஆண்டாக அங்கே இருக்கின்றது. வெயிலுக்கும் மழைக்கும் விலங்குக்கும் அஞ்சி அதனுள் முதலில் ஒதுங்கியவர் அமணத் துறவியர் அல்லர். கருங்காலக்குடியிலும், அழகர்மலைத் தொடரின் கிடாரிப்பட்டியிலும் பாறையில் தீட்டிய ஓவியங்கள் உள்ளன. துறவிக்குக் கற்படுக்கை வெட்டிய அதே குன்றுகளில் வேறொரு கை வண்ணம் குழைத்திருக்கின்றது. அக்கை எக்காலத்தது? அக்கைக்குரியோர் எதனை வேட்டையாடினர்? எக்கல்லால் தோலுரித்தனர்? இவ்வினாக்களுக்கு விடை நெற்றியில் இல்லை, அடியில் இருக்கின்றது.

மதுரைக்குத் தெற்கே ஆவியூர்ப் பக்கத்துச் செம்புரைப் படிவில் மாந்தன் செதுக்கிய கல்லை ஃபூட் கண்டார். மதுரை, திருநெல்வேலி மாவட்டங்களின் நிலவியல் பற்றிய அவர் நூல் வெளிவந்தது 1883-இல். அதன்பின் 140 ஆண்டுக்கு மேல் கடந்துவிட்டன. அன்று அவர் காட்டிய வழியில் ஒவ்வொரு குன்றின் அடிவாரத்தையும் அடியடியாக அளந்து ஆராய்ந்திருப்பின் இன்று மதுரைக்கென ஒரு பழங்கற்கால நிலப்படமே இருந்திருக்கும்.

இதனினும் இழிந்தது ஒன்றுண்டு. இக்குன்றுகளுள் பலவற்றைப் பொதுமக்கள் இன்றும் பஞ்சபாண்டவர் மலை என்றும் பஞ்சபாண்டவர் படுக்கை என்றும் அழைக்கின்றனர். கற்படுக்கையைத் தமிழர் கொடுத்தனர் என்று கல்வெட்டே தமிழில் கூறுகின்றது. இருந்தும் வடநாட்டுக் கதைமாந்தர் ஐவர் வந்து படுத்தெழுந்த இடம் என்று தமிழனே வழிகாட்டுகின்றான். தன் பாட்டன் வெட்டிய கல்லுக்கு அயலான் கதையைப் பெயராக்கிய இனம் உலகில் வேறெங்கேனும் உண்டா? பெயரைப் பறிகொடுத்தவன் முதலில் நினைவைப் பறிகொடுக்கின்றான். நினைவைப் பறிகொடுத்தவன் அடுத்து நிலத்தைப் பறிகொடுக்கின்றான். மதுரையில் நடந்தது இவ்வரிசைதான்.

விலைபோன குன்றுகள்

மேலூர்ச் சுற்றில் கருங்கல் கொள்ளை வெளிப்பட்டது 2012-இல். 2014-இல் சென்னை உயர் வழக்குமன்றம் இந்திய ஆட்சிப்பணி அலுவலர் உ. சகாயத்தை ஆய்வு ஆணையராக அமர்த்தியது. 2015-இல் அவர் தம் அறிக்கையை அளித்தார். அரசுக்கு நேர்ந்த இழப்பு எத்தனை ஆயிரங் கோடி என்பது நாடெங்கும் பேசப்பட்டது. பேசப்பட வேண்டியதே. ஆயின் பணக்கணக்குப் போட்ட நாட்டில், மலையடி மண்ணோடு வாரிக்கொட்டப்பட்ட தொல்சான்றின் கணக்கைக் கேட்டவர் எத்தனை பேர்? கொள்ளைபோன பணத்தை வழக்காடி ஒருநாள் மீட்கலாம். கலைந்த மண்ணடுக்கை எந்த வழக்குமன்றம் மீண்டும் அடுக்கித் தரும்?

அரிட்டாபட்டியின் கதை இன்னும் அண்மையது. கழிஞ்சமலைக் குன்றில் தமிழிக் கல்வெட்டும், அமணத் திருவுருவமும், குடைவரைக் கோவிலும் ஒருங்கே அமைந்த ஊர் அது. அரிட்டாபட்டியையும் மீனாட்சிபுரத்தையும் சேர்ந்த 193.42 எக்டேர் பரப்பைத் தமிழக அரசு 2022 நவம்பரில் பல்லுயிர் மரபிடமாக அறிவித்தது. இரண்டே ஆண்டு கழித்து, 2024 நவம்பரில், அவ்விடத்தையும் உள்ளடக்கிய ஏறத்தாழ 5,000 ஏக்கர் நிலப்பரப்பில் டங்சுடன் என்னும் வன்மாழையைத் தோண்டும் உரிமையை நடுவணரசு ஏலத்தில் இந்துசுதான் சிங்க் நிறுவனத்துக்கு ஒதுக்கியது. தில்லியில் ஒரு மேசைமேல் விரித்த நிலப்படத்தில் கழிஞ்சமலை இருந்தது, கல்வெட்டு இல்லை. கனிமம் இருந்தது, காலம் இல்லை.

மக்கள் எழுந்தனர். 2024 திசம்பர் 9 அன்று தமிழகச் சட்டமன்றம் எதிர்த்துத் தீர்மானம் இயற்றியது. 2025 சனவரி 7 அன்று உழவர் பல்லாயிரவர் மேலூர்ப் பக்கமிருந்து மதுரை நோக்கி அணிவகுத்து நடந்தனர். சனவரி 23 அன்று நடுவணரசு அவ்வேலத்தைக் கைவிட்டது. இவ்வெற்றி ஏர்பிடித்த கையின் வெற்றி. கற்றவர் எழுதத் தயங்கியதை ஊரார் நடந்து எழுதிக் காட்டினர். எனினும் ஓர் ஏலம் நீங்கிற்று என்பதால் இடர் நீங்கிவிடவில்லை. சட்டத்தின் ஓட்டை அப்படியே இருக்கின்றது.

அவ்வோட்டை யாது? நடுவணரசின் 1958 ஆம் ஆண்டுத் தொல்சின்னச் சட்டமும் அதன் 2010 ஆம் ஆண்டுத் திருத்தமும், காக்கப்படும் சின்னத்தைச் சுற்றி 100 மீட்டர் தடைப்பரப்பும் அதற்கப்பால் 200 மீட்டர் கட்டுப்பாட்டுப் பரப்பும் வகுத்துள்ளன. நல்லதே. ஆயின் அளவு தொடங்குவது, ஏற்கெனவே காக்கப்படும் சின்னத்தினின்று. இன்னும் கண்டறியப்படாத முழைக்கு எவ்வெல்லை? பெயரிடப்படாத அடிவாரத்துக்கு எத்தடை? அறிவிக்கப்பட்ட கல்லுக்குக் காவல். அறியப்படாத கல்லுக்கு வெடி! முதலில் கண்டறி, பின்னர் அறிவி, அதன்பின் காப்போம் என்கின்றது சட்டம். முதலில் உடை, பின்னர் எவன் கண்டறிவான் பார்ப்போம் என்கின்றது சந்தை.

மறுப்புக்கு மறுப்பு

கல்லுடைப்பு ஏழையின் வயிற்றுப்பாடு என்பர் சிலர். உளிபிடித்து அம்மியும் ஆட்டுக்கல்லும் கொத்திய கைத்தொழிலாளி எம்மலையையும் அழித்ததில்லை. மலையை அழிப்பது வெடிமருந்தும் வடக்கயிற்று அறுப்புப்பொறியும். அவற்றின் உடைமையாளன் ஏழையல்லன். ஏழை காட்டப்படுவது கொள்ளைக்குக் கேடயமாக மட்டுமே.

அம்முழைகளின் தரை வெறும் பாறைதானே, அங்கே என்ன இருந்துவிடப் போகின்றது என்பர் வேறு சிலர். தரையைச் செதுக்கிப் படுக்கை வெட்டியபோது, அதற்கு முன் அங்குப் படிந்திருந்த மண் எங்கே போயிற்று? முழை வாயிலினின்று சரிவில் தள்ளப்பட்டது. மழை அதனைக் கீழிறக்கி அடிவாரத்தில் சேர்த்தது. ஆகவே சரிவும் அடிவாரமுமே அம்முழையின் ஏட்டுச்சுவடி. வண்டிக்குப் பாதை வெட்டுவதும், பொறியை நிறுத்துவதும், கழிகல்லைக் கொட்டுவதும் அதே சரிவிலும் அடிவாரத்திலும்தாம். மலையைத் தொடுமுன்பே ஏடு எரிக்கப்படுகின்றது. வெங்கச்சாங்கல் சில்லு என்று காலால் எற்றித் தள்ளப்படுவது 10,000 ஆண்டுப் பழைய அம்புமுனையாக இருக்கலாம் என்பதைப் பொறியோட்டிக்கு எவரும் சொல்லிக் கொடுத்ததில்லை.

மூன்றாவது மறுப்பு நகையாடலாக வரும். பத்து இலக்கம் ஆண்டுக்கு முன் கைக்கோடரி செய்தவன் தமிழனா என்று கேட்பர். இல்லை. அவன் இன்றைய மாந்த இனத்தவனும் அல்லன். அவன் பேசினானா, எம்மொழி பேசினான் என்று கல் கூறாது. இதனை ஒளிவுமறைவின்றிக் கூறுதலே தமிழர்க்கு அழகு. கல்லுக்கும் மூத்த குடி என மேடைதோறும் முழங்கிவிட்டுக் கல் உடைபடும்போது வாய்மூடியிருப்பதால் இனம் மூப்படையாது, இழிவே அடையும். மிகைக்கூற்று பகைவன் கையில் கொடுக்கப்படும் படைக்கலன். ஒன்றைப் பத்தாகக் கூறுவோன், பத்தும் உண்மையாக இருக்கும்போதும் நம்பப்படுவதில்லை. கீழடி கி.மு. 580 அளவுக்குச் செல்கின்றது என்பது அளந்து கூறிய உண்மை. அவ்வுண்மை ஒன்றே போதும். அதனை ஊதிப் பெருக்க வேண்டுவதில்லை.

ஆயின் அக்கல் யாருடைய பொறுப்பு என்று கேட்பின் விடை தெளிவானது. அஃது எந்நிலத்தில் கிடக்கின்றதோ அந்நிலத்து மக்களின் பொறுப்பு. நியாண்டர் பள்ளத்தாக்கில் 1856-இல் கிடைத்த என்பு செருமானிய மொழி பேசியவனது என்று செருமானியர் எவரும் கூறவில்லை. எனினும் தம் மண்ணின் செல்வம் என்று காக்கின்றனர். மாந்த இனம் முழுமைக்கும் உரிய ஏட்டின் ஒரு பக்கம் தமிழ்நிலத்தில் கிடக்கின்றது. அதனைக் காத்துக் கொடுத்தல் தமிழர்தம் கடன். அழியவிடுதல் உலகுக்கே செய்யும் இரண்டகம்.

பெயரும் மொழியும்

அப்பெயரளவிலும் தமிழர் இழந்தது சிறிதன்று. பிரெஞ்சு நாட்டு அமியேன் நகர்ப்புறத்துச் செயிந்து அசூல் என்னும் சிற்றூரின் பெயரால் உலகெங்கும் உள்ள கைக்கோடரிப் பண்பாடு அச்சூலியன் எனப்படுகின்றது. இலெ முசுத்தியே என்னும் குகையின் பெயரால் மற்றொரு பண்பாடு வழங்குகின்றது. சிற்றூரின் பெயர் உலகப்பெயர் ஆயிற்று. தமிழ்நிலத்துக் கைக்கோடரி மரபுக்கோ, பல்லாவரம் என்றோ அத்திரம்பாக்கம் என்றோ பெயர் அமையவில்லை. கோட்டை கட்டிய வணிகக் கும்பினியின் துறைமுகப் பெயரால் மதராசு மரபு என்று நூலேறிற்று. ஊரின் பெயர் 1996-இல் சென்னை என மாறிய பின்னும் கல்லின் பெயர் மாறவில்லை.

கைக்கோடரி, சுரண்டி, செதில், நுண்கருவி, பழங்கற்காலம், புதுக்கற்காலம் எனத் தூய தமிழ்ச்சொல் இருக்கவும், அகழாய்வுச் செய்தி எழுதும் தமிழ்த் தாள்கள் ஆங்கிலச் சொல்லைத் தமிழெழுத்தில் எழுதிப் பெருமைகொள்கின்றன. மேலூர் உழவனின் மகள் தன் வயலில் கிடந்த கல்லைப் பற்றித் தன் மொழியில் படிக்க வேண்டாவா? அவளுக்கு விளங்காத அறிக்கை அவள் ஊர்க் குன்றை எங்ஙனம் காக்கும்?

ஆய்வு வாய்ப்பிலும் இதே நிலை. கீழடியில் கிடைத்த எழுபது என்புக்கூறுகள் எவ்விலங்கின் என்பு என அறியப் பூனாவிலுள்ள தக்காணக் கல்லூரிக்கு அனுப்பப்பட்டன. திமிலுடைய காளை, எருமை, ஆடு, நீலமான், கலைமான், காட்டுப்பன்றி, மயில் என அவர்கள் இனங்கண்டு சொன்னதை 2019-இல் தமிழுலகம் மகிழ்வோடு கேட்டது. அவர்கள்பால் குறையில்லை, நன்றியே உரியது. ஆயின் வைகைக்கரையில் மேய்ந்த மாட்டின் என்பைப் பார்த்துச் சொல்ல வைகைக்கரையில் ஆளில்லை என்பது எவர்க்கு நாணம்? மதுரைக் காமராசர் பல்கலைக்கழகத்தில் பழந்தொல் மரபணு ஆய்வுக்கூடம் அமைந்தது நற்றொடக்கம். விலங்கென்பு ஆய்வுக்கும் கற்கருவி ஆய்வுக்கும் அங்கேயே கூடமும் பயிற்சியும் அமைதல் வேண்டும்.

செய்ய வேண்டுவன

முதலாவது, மதுரைச் சூழலில் எஞ்சியுள்ள ஒவ்வொரு குன்றும், அதன் முழையும் சரிவும் அடிவாரமும், தொல்லியலறிஞரால் அளந்து பதியப்படுதல் வேண்டும். பதிவு முடியும்வரை அங்குப் புதிய கல்லுடைப்பு உரிமம் ஒன்றும் வழங்கப்படலாகாது.

இரண்டாவது, உரிமம் கேட்போன் அந்நிலத்தில் தொல்சான்று இல்லை என்னும் தொல்லியல் துறையின் சான்றை முதலில் காட்டுதல் வேண்டும். இருக்கின்றது என மெய்ப்பிக்கும் சுமை ஊராரின் தலையில் இன்று ஏற்றப்பட்டுள்ளது. இல்லை என மெய்ப்பிக்கும் சுமை உடைப்பவன் தலைக்கு மாறுதல் வேண்டும்.

மூன்றாவது, அகழாய்வு அறிக்கை அனைத்தும் தமிழில் வெளிவருதல் வேண்டும். ஆங்கிலம் உலகுக்கு, தமிழ் உரியவர்க்கு.

நான்காவது, மதுரைப் பள்ளிகளில் கற்கருவியை இனங்காணும் பயிற்சி அளிக்கப்படுதல் வேண்டும். கண்ட கல்லைப் பெயர்த்தெடுத்து வீட்டுக்குக் கொண்டுபோதல் கூடாது என்பதும் அப்பயிற்சியில் அடங்கும். கிடந்த இடத்தை இழந்த கல் பாதி ஊமை. கண்ட இடத்திலேயே விட்டு, இடத்தைக் குறித்து, தொல்லியல் துறைக்குச் சொல்வதே தொண்டு.

ஐந்தாவது, குன்றுகளின் உண்மைப் பெயரும் உண்மை வரலாறும் ஊர்தோறும் தமிழில் எழுதி வைக்கப்படுதல் வேண்டும். பஞ்சபாண்டவர் படுத்தெழுந்தது போதும்.

அரிட்டாபட்டி உழவர் நடந்து காட்டிய வழி இருக்கின்றது. அவர்கள் காத்தது தம் வயலையும் கண்மாயையும் மட்டுமன்று. எவரும் இன்னும் படித்திராத ஓர் ஏட்டையும் சேர்த்தே காத்தனர். மொழியைக் காப்போம் என்போர் அம்மொழி வேரூன்றிய நிலத்தையும் காத்தல் வேண்டும். விற்ற கல் வெளிநாட்டு மாளிகையில் தரையாகக் கிடக்கும். அதனை விற்றவன் கைப்பணம் ஒரு தலைமுறைக்குள் தீரும். தொலைத்த காலமோ எத்தலைமுறைக்கும் திரும்பாது. குன்றுகள் இன்னும் நிற்கின்றன. தமிழர் எழுதல் வேண்டும். இன்றே எழுதல் வேண்டும்!